மினியேச்சர் பதக்க வரிசையைப் பார்த்து ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள முடியுமா?

பாதி தெரியும். சுவாரசியமான பாதி தெரியாது.

மினியேச்சர் என்பது அசல் பதக்கத்தில் ஏறக்குறைய பாதி அளவில் செய்யும் குட்டிப் பதக்கம். மெஸ் (அதிகாரிகளின் உணவுக்கூடம்) விருந்து, மாலை நேர விழா என்று போகும்போது அதிகாரிகள் இதைத்தான் மாட்டிக்கொள்வார்கள். அரசு கொடுப்பது பெரிய பதக்கத்தை மட்டும்தான், குட்டியை அவரவர் சொந்தக் காசில் செய்துகொள்ள வேண்டியதுதான்.

உதாரணத்துக்கு அட்ரியன் கார்ட்டன் டி வியார்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியை எடுத்துக்கொள்வோம். 1880-இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பொய்ப் பெயரும் பொய் வயதும் கொடுத்து தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போனவர். அவருடைய வரிசையை மார்பில் பார்த்தால் முதலில் இருப்பது வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ், பிறகு அரசு மரியாதைகளான கே.பி.இ., சி.பி., சி.எம்.ஜி., போரில் சிறந்த சேவைக்கான டி.எஸ்.ஓ. அதற்குப் பிறகுதான் தென்னாப்பிரிக்கப் போர்ப் பதக்கம் வரும், அதாவது அவர் பார்த்த முதல் போருக்கு ஆறாவது இடம். காரணம், முன்னால் வருபவை எல்லாம் விருதின் தகுதிப்படி நிற்கின்றன, தேதிப்படி இல்லை. 1945-இல் வாங்கிய கே.பி.இ. 1915-இல் வாங்கிய டி.எஸ்.ஓ.வைத் தாண்டி நிற்கும். போர்ப் பதக்கங்களுக்கு வந்த பிறகுதான் காலவரிசை தொடங்கும், வெளிநாட்டு விருதுகள் கடைசியில். ஆகவே வரிசையை இடமிருந்து வலமாகக் கதை மாதிரி படித்துவிட முடியாது.

சரி, அந்த வரிசையில் இல்லாதது என்ன? காயங்கள். அமெரிக்கர்களுக்குப் பர்ப்பிள் ஹார்ட் இருக்கிறது, பிரிட்டனில் காயத்துக்கென்று பதக்கம் கிடையாது. முதல் உலகப் போரின்போது 1916-இல் சட்டையின் இடது கையில் தைத்துக்கொள்ள ஒரு சின்ன உலோகப் பட்டை கொடுத்தார்கள், அவ்வளவுதான். கார்ட்டன் டி வியார்ட்டுக்கோ அந்தச் சட்டைக் கைக்குள் இடது கையே முழுதாக இல்லை! சோமாலிலாந்தில் இடது கண் போயிற்று, 1915-இல் பெல்ஜியத்தில் ஈப்ர் அருகே இடது கை. சிதைந்த விரல்களை எடுக்க மருத்துவர் மறுத்ததால் தானே பிய்த்துப் போட்டதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் மண்டை, கணுக்கால், இடுப்பு, கால், காது என்று போருக்குப் போர் குண்டு வாங்கிக்கொண்டே இருந்தார். 1916 ஜூலையில் பிரான்ஸில் நடந்த சோம் போரில் லா புவாசெல் கிராமத்தில் மற்ற மூன்று பட்டாலியன்களின் தளபதிகளும் விழுந்துவிட, தன் பட்டாலியனோடு அந்த மூன்றையும் சேர்த்து நடத்தினார், கையெறி குண்டின் ஊசியைப் பல்லால் கடித்து இழுத்து ஒற்றைக் கையால் வீசினாராம். விக்டோரியா கிராஸ் அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் தன் சுயசரிதையில் அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

1941-இல் விமானம் லிபியக் கடலோரம் விழுந்து இத்தாலியர்களிடம் சிக்கினார். ஃபுளோரன்ஸ் அருகே ஒரு கோட்டையில் சிறை. அறுபது வயதைத் தாண்டிய இவரும் உடனிருந்த சில உயர் அதிகாரிகளும் மாதக்கணக்கில் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். இவர் இத்தாலியக் குடியானவர் வேஷத்தில் எட்டு நாள் நடமாடினார், இத்தாலிய மொழி தெரியாது, ஒற்றைக் கண், ஒற்றைக் கை, போதாக்குறைக்கு நல்ல உயரம் வேறு! இதற்கெல்லாம் எந்த ரிப்பனும் தனியாக எதுவும் சொல்வதில்லை.

இப்போது நீங்கள் ஒரு மினியேச்சர் வரிசையை ஏலத்தில் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு விஷயம். அசல் விக்டோரியா கிராஸின் பின்புறம் செயல் நடந்த தேதியும், தொங்கும் பட்டையின் பின்னால் பெயரும் படைப்பிரிவும் வெட்டியிருக்கும். போர்ப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பிலும் பெயர் உண்டு. மினியேச்சர்களில் பெரும்பாலும் பெயரே இருக்காது. இன்னாருடையது என்று விற்பவர் சொன்னால், குடும்பத்திலிருந்து வந்த கடிதம், அதைச் செய்த கடையின் பெட்டி, அவர் அதை அணிந்த புகைப்படம் என ஏதாவது கேளுங்கள். பதக்கங்களின் சேர்க்கை அந்த அதிகாரியின் பதிவோடு ஒத்துப்போவது நல்ல அறிகுறிதான், ஆனால் அதே சேர்க்கையைக் கடையில் யார் வேண்டுமானாலும் இன்றைக்கும் செய்துகொள்ளலாம். என்னைக் கேட்டால், எந்த ஆவணமும் இல்லாத வரிசைக்குப் பெயரை நம்பிப் பெரிய விலை கொடுக்காதீர்கள், அழகுக்காக வாங்குவதானால் வாங்குங்கள்.