சுண்டெலிக்கு வேலை செய்யும் தீப்புண் தடுப்பூசி நமக்கு ஏன் வரவில்லை?

‘தீப்புண்ணில் கிருமி பரவாமல் இருக்கத் தடுப்பூசி போட்டு எலிகளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள் என்று அடிக்கடி படிக்கிறேன். மனிதர்களுக்கு ஏன் இன்னும் வரவில்லை?’ இதுதானே கேள்வி?

ஒரு வரியில் சொன்னால், அந்தச் சுண்டெலிக்கு என்றைக்குத் தீப்புண் வரப்போகிறது என்று ஆராய்ச்சி செய்பவருக்கு முன்பே தெரியும்.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பார்க்கிறேன். தீப்புண் வார்டிலிருந்து ஸ்வாப் (புண்ணைத் துடைத்தெடுத்த பஞ்சுக்குச்சி) வந்தால் மறுநாள் கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டு பச்சையாகிக் கிடப்பது எங்களுக்குப் பழகிய காட்சி. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமியின் வேலை அது. தட்டைத் திறந்தால் திராட்சை வாசனை வரும். அதற்காக யாரும் மூக்கைக் கொண்டுபோக வேண்டாம்!

இந்தக் கிருமித் தொற்றைச் சுண்டெலியில் உண்டாக்கிப் பார்க்கும் சோதனை முறையை (‘சுண்டெலி மாதிரி’ என்பார்கள்) 1975இல் ஸ்டீரிட்ஸ், ஹோல்டர் இருவரும் விவரித்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, முதுகு முடியை மழித்து, எரிசாராயத் தீயால் சில நொடிகள் சுடுவார்கள். பிறகு வெந்த தோலுக்கு அடியில் கிருமியைச் செலுத்துவார்கள். புண்ணில்லாத சுண்டெலி லட்சக்கணக்கான கிருமிகளைத் தாங்கும். வெந்த சுண்டெலி சாகச் சில நூறே போதும். கருகிய தோலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் வெள்ளணுக்களும் போய்ச் சேராது, நரம்பில் ஏற்றும் மருந்தும் சேராது. கிருமி அங்கே நிம்மதியாகப் பெருகி, பிறகு ரத்தத்தில் இறங்கும்.

இந்த மாதிரியில் தடுப்பூசிகள் நன்றாகவே வேலை செய்திருக்கின்றன. கிருமி நீந்தப் பயன்படுத்தும் வாலுக்கு எதிரான ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) சுண்டெலிகளைக் காப்பாற்றியது. கிருமி நம் செல்லுக்குள் நஞ்சைச் செலுத்த ஊசி போன்ற ஓர் உறுப்பு வைத்திருக்கிறது. அதன் நுனியில் இருக்கும் பிசிஆர்வி என்ற புரதத்தைத் தடுப்பூசியாகப் போட்டபோதும் வெந்த சுண்டெலிகள் கூடுதலாகப் பிழைத்ததை 2001இல் ஹோல்டர் குழு காட்டியது.

சிக்கல் எங்கே என்றால், வழக்கமாக ஊசியை முதலில் போட்டு, ஆன்டிபாடி ஏறும்வரை சில வாரங்கள் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் சுடுவார்கள். நோயாளியோ வெந்த பிறகு வருகிறார். ஆன்டிபாடி ஏற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், கிருமி அதுவரை காத்திருக்காது. அப்புறம், வார்டில் இந்தக் கிருமியின் ஒரே வகையா சுற்றுகிறது? சுண்டெலித் தோல் ஆறும் விதமும் வேறு. அது சுருங்கி மூடிக்கொள்ளும், நமக்கு ஓரத்திலிருந்து புதுத் தோல் வளர வேண்டும்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சி ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1970களின் கடைசியில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் ஜோன்ஸ், ரோ, குப்தா மூவரும் இந்தக் கிருமியின் 16 வகைகளிலிருந்து எடுத்த தடுப்பூசியைத் தீப்புண் நோயாளிகளுக்கே போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களிடையே மரணம் குறைந்தது. ஏற்கெனவே உருவான ஆன்டிபாடியை நேராக உடலில் ஏற்றியும் சோதித்தார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இந்த இரண்டாவது வழிதான், காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா? ஆனாலும் இரண்டுமே நடைமுறைக்கு வரவில்லை. வெந்த தோலைச் சீக்கிரமே வெட்டி எடுத்து ஒட்டுத்தோல் வைக்கும் முறை பரவி, கிருமிக்கு இடமே இல்லாமல் செய்யத் தொடங்கியது.

பிற்பாடு வென்டிலேட்டரில் இருந்த சுமார் 800 நோயாளிகளிடம் ஐசி43 என்ற சூடோமோனாஸ் தடுப்பூசியைச் சோதித்தார்கள். ஆன்டிபாடி ஏறியது, மரணம் குறையவில்லை. 2016இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இன்றுவரை இந்தக் கிருமிக்கு அனுமதி பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லை. தீப்புண்ணோடு வருபவருக்கு வழக்கமாகப் போடும் தடுப்பூசி டெட்டனஸுக்குத்தான்.

தீயணைப்பு வீரர்களுக்கு முன்கூட்டியே போடலாமே என்று பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி கேட்டாள். போடலாம், நல்ல யோசனைதான். ஆனால் அன்று எங்கள் மேஜையில் இருந்த நான்கு ஸ்வாப்பில் மூன்று, சமையலறையில் வெந்தவர்களுடையவை.