கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு: எந்தக் கிரெடிட் கூடவே வரும்?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். மகன் பள்ளி முடித்து ஓலோனி என்ற இரண்டு வருடக் கம்யூனிட்டி கல்லூரியில் சேர்கிறான். இரண்டு வருடத்தில் யூசி, அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் அல்லது சான் டியாகோ வளாகத்துக்கு மாறி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. நேரத்தை மிச்சம் பிடிக்க, கோடையில் டி ஆன்சா என்ற இன்னொரு கம்யூனிட்டி கல்லூரியில் முதல் கால்குலஸை முடித்துவிடுகிறேன் என்கிறான். பள்ளியில் இருக்கும்போதே ஏபி என்ற கல்லூரி நிலைத் தேர்வுகளும் எழுதியிருக்கிறான். கல்லூரியின் பாடப் பட்டியலில் பெரும்பாலான பாடங்களுக்குப் பக்கத்தில் யூசிக்கு மாற்றலாம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் மாறிப்போன பிள்ளைகள் அதே பாடத்தைத் திரும்பப் படித்த கதைகளும் காதில் விழுகின்றன. எதை நம்புவது? இரண்டு பக்கமும் யார் பேசி முடிவெடுக்கிறார்கள்? நாங்கள் நேரில் போய்ப் பேச வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் போய்ப் பெரிதாகப் பயனில்லை. கல்லூரியில் சேர்ந்துவிட்டால், 18 வயது ஆகாவிட்டாலும்கூட, படிப்பு தொடர்பான பதிவுகள் மாணவனுடைய உரிமை என்கிறது 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம். பணம் கட்டுவது நீங்களாகவே இருந்தாலும், அவன் எழுதிக் கொடுக்காதவரை கவுன்சிலர் பொதுவாக உங்களிடம் வாய் திறக்க மாட்டார். ஆகவே இதை மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். வேலை முழுக்க அவனுடையது.

அடுத்தது, யார் பேசி முடிவெடுக்கிறார்கள் என்பது. உங்கள் மகன் ஒருவனுக்காக ஓலோனியிலிருந்து யாரும் டேவிஸுக்குப் போன் செய்து பேசப் போவதில்லை. பேச வேண்டியதைப் பெரும்பாலும் முன்பே பேசி முடித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்றே ஓர் ஆர்டிகுலேஷன் அதிகாரி உண்டு. கல்லூரிப் பாடத்தின் முழு விவரத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார். அங்கே அந்தத் துறைப் பேராசிரியர்கள் படித்துப் பார்த்து, இது எங்கள் இன்ன பாடத்துக்கு ஈடு என்றோ ஈடில்லை என்றோ சொல்வார்கள். அந்த முடிவுகளெல்லாம் அசிஸ்ட் என்ற அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகள், கால் ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள், யூசி மூன்றுக்கும் பொதுவான தளம் அது. இலவசம். சொந்தக்காரப் பையன் சொன்னது, வாட்ஸாப் குழுவில் வந்தது எல்லாவற்றையும்விட அந்தப் பக்கத்தில் இருப்பதே செல்லும்.

பாடப் பட்டியலில் நீங்கள் பார்த்த வரி பொய்யில்லை. ஆனால் அது சொல்வது மிகக் கொஞ்சம். ஒரு பாடத்தைப் பல்கலைக்கழகம் மூன்று வேறு கணக்குகளில் ஏற்கலாம். யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட் எண்ணிக்கை) கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது பட்டத்துக்கு வேண்டிய மொத்த எண்ணிக்கை கொஞ்சம் குறையும், வேறெந்தப் பாடமும் கழியாது. எந்தத் துறை மாணவனும் படிக்க வேண்டிய பொதுக்கல்விக் கணக்கில் ஏற்றால் வரலாறு, உயிரியல், கலை மாதிரி ஏதோ ஒரு கட்டம் நிரம்பும். மேஜர், அதாவது பட்டத்துக்கான முதன்மைத் துறையின் கணக்கில் ஏற்றால்தான், அங்கே போய் அதே பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. கல்லூரிப் பட்டியலில் உள்ள குறி முதல் கணக்குக்கு மட்டுமே உத்தரவாதம். திரும்பப் படித்த கதைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன என்பது என் அபிப்பிராயம். யூனிட் போய்ச் சேர்ந்திருக்கும், பாடம் சேர்ந்திருக்காது.

இது கலிபோர்னியாவில் மட்டும் உள்ள தொல்லையில்லை. அமெரிக்க அரசின் ஜிஏஓ என்ற தணிக்கை அமைப்பு 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டை இழந்தார்கள் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்த கணக்கு அது.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஓலோனியில் என்ன இருக்கிறது என்று தொடங்காமல், அசிஸ்ட்டில் ஓலோனி, யூசி டேவிஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர் என்று தேர்ந்தெடுத்து அந்த ஒப்பந்தத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அதேபோல் சான் டியாகோவுக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கால்குலஸும் ப்ரோக்ராமிங்கும் பொதுவாக இருக்கும். டிஸ்க்ரீட் மேத்ஸ், அசெம்பிளி மொழி, லீனியர் அல்ஜீப்ரா போன்றவற்றில்தான் வளாகத்துக்கு வளாகம் வித்தியாசம் வரும். இரண்டு பட்டியலிலும் இருப்பவை முதல் வருடம். ஒன்றில் மட்டும் இருப்பவை அப்புறம்.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மூன்று இடங்களில் நின்று பாருங்கள். இரண்டு பாடங்களுக்கு நடுவில் 'மற்றும்' என்று இருந்தால் இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் எடுத்தால் மேஜர் கணக்கில் பூஜ்யம். 'அல்லது' என்றால் பிரச்சினையில்லை. எதிரில் ஒன்றுமே இல்லாமல் ஈடான பாடம் கிடையாது என்று போட்டிருந்தால், ஓலோனியில் அது இல்லை என்று அர்த்தம். பக்கத்துக் கல்லூரிகளில் உண்டா என்று அதே தளத்தில் தேடலாம். அப்புறம் மேலே இருக்கும் கல்வியாண்டு. ஒப்பந்தங்கள் வருடத்துக்கு வருடம் மாறும். அவன் அந்தப் பாடத்தைப் படித்த ஆண்டில் எது இருந்ததோ அதுதான் பேசும். எடுத்த அன்றே பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கோடைக் கால்குலஸுக்கு வருவோம். இதை நான் இருக்கிற இடத்திலேயே நிறுத்தச் சொல்வேன். ஓலோனி செமஸ்டர் முறைக் கல்லூரி (ஆண்டுக்கு இரண்டு நீண்ட பருவங்கள்), டி ஆன்சா குவார்ட்டர் முறை (மூன்று குறுகிய பருவங்கள்). செமஸ்டர் கல்லூரிகளில் கால்குலஸ் பெரும்பாலும் மூன்று பாடங்களாக வரும். டி ஆன்சாவில் அதே சரக்கு 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்காகப் பிரிகிறது. டி ஆன்சாவில் முதல் பாகத்தை முடித்து ஓலோனியில் இரண்டாம் பாகத்தில் உட்கார்ந்தால், நடுவில் ஒரு துண்டு யாரும் சொல்லிக் கொடுக்காமல் விட்டுப்போகும். செமஸ்டரின் முதல் கால்குலஸ் வழக்கமாக இன்டக்ரேஷனைத் தொட்டுவிட்டுத்தான் முடியும். குவார்ட்டரில் அது அடுத்த பாடத்துக்குப் போய்விடும். வகுப்பில் தடுமாறுவது ஒரு பக்கம். இப்படிக் கலந்து எடுத்த தொடரை வளாகத்தின் துறை முழுத் தொடராக ஏற்காமல் போகலாம் என்பது பெரிய தலைவலி. கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, ப்ரோக்ராமிங் மாதிரித் தொடர் பாடங்களைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடிக்க வேண்டும். கோடையில் சும்மா இருக்க முடியாது என்றால் டி ஆன்சாவில் பொதுக்கல்விப் பாடம் ஒன்றை எடுக்கட்டும். சைக்காலஜியோ, கலை வரலாறோ, எது வேண்டுமானாலும் சரி.

அப்படி எடுத்தால் யூனிட் கணக்கு புரிந்திருக்க வேண்டும். ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். டி ஆன்சாவின் 4 யூனிட் பாடம் செமஸ்டர் கணக்கில் 2.67தான். யூசிக்கு மூன்றாம் ஆண்டு மாணவனாகப் போக 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். சரியாக 60 என்று போட்டு வைத்த திட்டம், குவார்ட்டர் பாடம் ஒன்று கலந்ததால் ஒரு யூனிட் குறைந்து நிற்பது உண்டு. இரண்டு மூன்று யூனிட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் என்றதும் நம் வீடுகளில் ஓர் ஆசை வரும். கலிபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தானே, 60 யூனிட்டுக்கே 2,760 டாலர்தான் ஆகிறது, இன்னும் நாலு பாடம் சேர்த்துப் படிக்கட்டுமே என்று. யூசி அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட்டைத்தான் பட்டக் கணக்கில் சேர்க்கும். அதற்கு மேல் படித்தால் பாடத்தைப் படித்ததாக ஏற்பார்கள், யூனிட் மட்டும் சேராது. அந்த நேரத்தில் பிசிக்ஸில் பியை ஏ ஆக்குவது எத்தனையோ மேல்.

பொதுக்கல்விக்கு இப்போது கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஐ-கெட்சிக்குப் பதிலாக இதுதான், யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் பொது. 11 பாடம், 34 செமஸ்டர் யூனிட், ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல். சி மைனஸ் செல்லாது. மேடைப்பேச்சுப் பாடமும் எத்னிக் ஸ்டடீஸ் என்ற இனக்குழுக்கள் பற்றிய பாடமும் இதில் கட்டாயம் என்பதைப் பலர் கடைசிப் பருவத்தில்தான் கவனிக்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் போகிறவனுக்கு நான் சொல்வது, மேஜர் பாடங்கள் முதலில், கால்-கெட்சி அடுத்து. இரண்டும் மோதினால் பொதுக்கல்விப் பாடம் ஒன்றிரண்டை அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் இல்லாமல் போனால் அட்மிஷனே கிடைக்காமல் போகலாம். ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டும் கணிதம் ஒன்றும் இதற்கு விதிவிலக்கு. அவை யூசியின் அடிப்படைத் தகுதியிலேயே வருகின்றன.

உத்தரவாத அட்மிஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். டேக் என்ற திட்டத்தில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் உண்டு. சான் டியாகோ கிடையாது, பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் கிடையாது. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், அதுவும் செப்டம்பர் மாதத்துக்குள். கம்ப்யூட்டர் சயின்ஸைப் பல வளாகங்கள் டேக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன, அந்தந்த ஆண்டின் பட்டியலைப் பார்க்காமல் நம்பிவிடாதீர்கள். கலிபோர்னியாவாசிக்கு 2.4 ஜிபிஏ (4க்கு எடுத்த சராசரி மார்க்) போதும் என்று யூசி சொல்வது விண்ணப்பிக்கும் தகுதி மட்டும்தான். இந்தத் துறைக்குள் நுழைய அது எந்த மூலைக்கும் காணாது. கால் ஸ்டேட் பக்கம் ஏடிடி என்ற இணைப் பட்டம் உண்டு. அதை முடித்தால் கால் ஸ்டேட்டில் எங்காவது ஓர் இடம் நிச்சயம், ஆனால் சான் ஹோசே ஸ்டேட்டில்தான் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். மாற்று வழியாக அதையும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தனியார் பல்கலைக்கழகங்கள் என்றால் அவரவர் தளத்தைப் பார்க்க வேண்டும்.

ஏபி விஷயத்தில் ஒரு பொதுவான குழப்பம் உண்டு. ஓலோனி ஏபிக்கு ஒரு பாடத்தைக் கழித்துவிட்டால் யூசியும் கழிக்கும் என்று அர்த்தமில்லை. யூசி மார்க்கை நேராக, ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து வாங்கித் தன் கணக்கைத் தானே போடும். 5க்கு 3 மார்க் எடுத்தால் யூனிட் கிடைக்கலாம். எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை வளாகமும் துறையும் தீர்மானிக்கும். ஏபி கால்குலஸுக்கு யூனிட் வாங்கிக்கொண்டு கல்லூரியில் அதே கால்குலஸையும் எடுத்தால் இரண்டுக்கும் சேர்த்து யூனிட் தர மாட்டார்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தும், அங்கே போனபின் ஒரு பாடத்தைத் துறை மறுக்கலாம். அப்போது மனு போட வழியுண்டு, ஜெயிக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் கையில் காகிதம் வேண்டும். அந்தப் பருவத்தின் சிலபஸ், வாரவாரியான பாடத் தலைப்புகள், பாடநூலின் பெயரும் பதிப்பும், லேப் மணிநேரம், முடிந்தால் செய்த ப்ராஜெக்ட்டுகள். இரண்டு வருடம் கழித்துச் சிலபஸ் கேட்டால் பகுதிநேரப் பேராசிரியர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். ஒவ்வொரு பருவத்தின் முதல் வாரத்திலேயே இறக்கி ஒரு ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள். கவுன்சிலரிடம் வாங்கும் பதிலும் ஈமெயிலில் இருக்கட்டும். நல்ல கவுன்சிலர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

தேதிகளில் மூன்று வீட்டு நாட்காட்டியில் இருக்கட்டும். யூசி விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் காலம் இரண்டாம் ஆண்டின் அக்டோபரில் தொடங்கி நவம்பர் இறுதிவாக்கில் முடியும். சில ஆண்டுகளில் ஓரிரு நாள் தள்ளிப்போவது உண்டு. ஜனவரியில் அந்தப் பருவத்தின் மார்க்கையும் வரும் பருவத்தின் பாடங்களையும் புதுப்பிக்க வேண்டும். இதை மறந்து அட்மிஷனைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. இடம் கிடைத்தபின் ஜூலை 1க்குள் இறுதி ட்ரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) போய்ச் சேர வேண்டும். ஓலோனியில் இருந்து மட்டும் போதாது, அந்த ஒரு கோடைப் பாடத்துக்காக டி ஆன்சாவிலிருந்தும். கால்-கெட்சி சான்றிதழ் தானாகப் போகாது. கடைசியாகப் படித்த கம்யூனிட்டி கல்லூரியில் அதற்குத் தனியாக விண்ணப்பித்து அனுப்பச் சொல்ல வேண்டும், ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்குப் பணம் கட்டும் அன்றே அதையும் செய்துவிட்டால் மறக்காது.