படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுகிறது: உள்காதுக்கு என்ன பரிசோதனை?

70 வயது அம்மாவுக்குப் படுக்கையில் புரண்டாலே வீடு சுழல்கிறது, மூளை ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

என் மாமியாருக்கும் இதே தொல்லைதான். பித்தம் என்று சுக்குக் கஷாயம், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே, எல்லாம் பார்த்தாயிற்று. "எனக்குத்தான் காது நன்றாகக் கேட்கிறதே!" என்பது அவர் வாதம். கேட்கும் பகுதியும் சமநிலையைக் காக்கும் பகுதியும் உள்காதில் ஒட்டி இருந்தாலும், ஒன்று கெட்டால் மற்றதும் கெட வேண்டியதில்லை.

சமநிலைப் பகுதியில் கால்சியம் கார்பனேட் துகள்கள் உண்டு. வயதாக ஆக அவை பிடி தளர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடலாம். பிறகு தலையைத் திருப்பும்போதெல்லாம் அவை நகர்ந்து, குழாயிலுள்ள திரவத்தைக் கலக்கிவிடும்; அதனால்தான் தலை சுற்றுகிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் இந்தத் துகள்கள் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கும் டிக்ஸ்-ஹால்பைக் பரிசோதனை 1952 முதல் இருக்கிறது. ஒரு கட்டில் போதும். உட்காரவைத்துத் தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலை விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி தாங்கிக்கொள்வார்கள். மருத்துவர் கவனிப்பது கண்ணை. சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு விழிகள் துடித்துச் சுழன்று, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எந்தக் காது கீழே இருக்கும்போது வருகிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்தக் காதில்தான். மாமியார் மருத்துவரின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். மருத்துவருக்கு இது பழக்கம் போலும், அசரவில்லை. துகள்களைப் பழைய இடத்துக்கே நகர்த்தும் எப்ளி முறையையும் அதே கட்டிலில் செய்து முடித்தார்.

இதில் ஒன்றும் தெரியாவிட்டால்தான் மற்றவை: கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டித் தலையைச் சட்டென்று திருப்பிப் பார்ப்பது, 30, 44 டிகிரி செல்சியஸ் நீரைக் காதில் விட்டுப் பார்ப்பது. இவற்றிலும் கவனிப்பது விழி அசைவைத்தான். கேட்கும் திறனையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள். வயதால் வரும் குறை கூர்மையான ஒலிகளில்தான் முதலில் தெரியும்.

கழுத்திலோ முதுகெலும்பிலோ கோளாறு இருந்தால் படுக்கவைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சுற்றல் விடாமல் இருந்து, பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, காதுப் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.