இடது கையைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

அன்புள்ள ஐயா,

மேடவாக்கத்தில் இருக்கிறேன். மகளைக் கீபோர்டு கிளாஸில் சேர்த்துவிட்டு வாசலில் காத்திருந்த நேரத்தில் நானும் கற்றுக்கொள்ள ஆரம்பித்து, போன வருடம் மூன்றாம் கிரேடு முடித்தேன். ‘ஸ்பிரிட்டட் அவே’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தின் முடிவில் வரும் ஜோ ஹிசாய்ஷியின் பாட்டு எங்கள் வீட்டில் தினமும் ஓடும். மகள் கேட்டாள் என்று அதை மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் பியானோவுக்கு எழுதினேன், நான்கு பக்கம். தப்பு சுரம் ஒன்றுகூட இல்லை என்று அவளுடைய டீச்சரே சொல்லிவிட்டார். ஆனாலும் வாசித்தால் அந்தப் பாட்டு மாதிரி இல்லை, ஏதோ கனமாக இருக்கிறது. எங்கே தவறுகிறேன்? சரியானதும் பிடிஎஃப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க ஆசை. காசு வாங்காவிட்டால் பிரச்சினை இல்லைதானே?

கே., மேடவாக்கம்

அன்புள்ள கே.,

நான்கு பக்கத்தையும் வாசித்துப் பார்த்தேன். டீச்சர் சொன்னது உண்மை, தப்பு சுரம் இல்லை. தப்பு இருப்பது முதல் பக்கத்தின் வலது மூலையில். ‘இசை: ஜோ ஹிசாய்ஷி’ என்று போட்டிருக்கிறீர்கள். படத்தின் பின்னணி இசை அவருடையது. இந்தப் பாட்டு அவருடையது இல்லை. மெட்டுப் போட்டுப் பாடியவர் கிமுரா யூமி, வரிகள் காகு வகாகோ.

இது பெயர்த் திருத்தம் மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. 1997இல் வந்த, இதே படத்தின் இயக்குநர் மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோநோகே’யைப் பார்த்துவிட்டு கிமுரா அவருக்கு ஒரு கடிதம் எழுதி, தன் இசைத்தட்டையும் அனுப்பினார். உங்களைப் போல ஒரு ரசிகை கடிதம்தான். மியாசாகி பதிலில் தான் யோசித்துக்கொண்டிருந்த வேறொரு படத்தைப் பற்றிச் சொன்னார். அதை மனதில் வைத்து இந்தப் பாட்டு பிறந்தது. அந்தப் படம் கைவிடப்பட்டது, பாட்டு மட்டும் தங்கி 2001இல் ‘ஸ்பிரிட்டட் அவே’யில் வந்து சேர்ந்தது. கிமுரா பாடும்போது தானே லையர் வாசிப்பவர். மடியில் வைத்து விரலால் மீட்டும் சின்னக் கருவி, நம் யாழுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குரலும் அந்த ஒரு கருவியும்தான் இந்தப் பாட்டின் உயிர்.

இப்போது உங்கள் இடது கையைப் பாருங்கள். மூன்று எண்ணிக்கைப் பாட்டு என்றதும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பூம்-சக்-சக், பூம்-சக்-சக். கல்யாண பேண்டு தெருமுனை திரும்புகிற மாதிரி இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். லையரில் யாரும் சக்-சக் என்று தட்ட முடியாது. ஒரு தந்தியை மீட்டினால் அது அடுத்த சுரத்தின் மேலும் ஒலித்துக்கொண்டே மெல்லத் தேயும். அந்தத் தேய்வைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

கனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எஃப், ஏ, சி மூன்றையும் கீழ் ஆக்டேவில் ஒட்டி ஒட்டி, ஒரே கார்டாக (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டாக) அடுக்கியிருக்கிறீர்கள். தாழ்ந்த சுரங்களில் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு கூடவே மெலிதாக ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், மிகுதி. அங்கே சட்ஜமத்தையும் காந்தாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடொன்று மோதி உறுமும். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவைக் கேளுங்கள். யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று அதில் கேட்கும், ஆனால் அடித்தந்தியின் பக்கத்தில் இல்லை, எங்கோ மேலே. பியானோவிலும் அதே ஒழுங்குதான், கீழே அகலம், மேலே நெருக்கம். எஃப், அதற்கு மேல் சி, அதற்கும் மேல் அடுத்த ஆக்டேவின் ஏ. அதாவது ச, ப, மேல் க. கை அவ்வளவு விரியாது, எனக்கும் விரியாது. விரிய வேண்டியதில்லை. ஒலியை நீட்டும் பெடலை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக வாசியுங்கள். வீட்டுக் கீபோர்டில் பெடல் இல்லையென்றால் முதலில் அழுத்திய விரலை எடுக்காமல் அடுத்ததற்குப் போனாலே பாதி வேலை முடிந்தது.

வலது கையில் ஒன்றே ஒன்று. பாடகி ஒரே சுரத்தில் இரண்டு அசை சொல்லும் இடங்களிலெல்லாம் நீங்களும் இரண்டு முறை அந்தக் கீயை அடிக்க எழுதியிருக்கிறீர்கள். குரலில் மெய்யெழுத்து வந்து அசையைப் பிரிக்கும், மூச்சு அறுவதில்லை. பியானோவில் அது கதவைத் தட்டுகிற சத்தம். சொல் முக்கியமில்லாத இடங்களில் டை (இரண்டு சுரத்தை இணைக்கும் வளைகோடு) போட்டு ஒன்றாக்குங்கள். தமிழ் சினிமாப் பாட்டுகளை எழுதும்போதும் இதே வியாதி வரும், கமகத்தை எழுதத் தெரியாமல் சுரத்தைக் கூட்டிவிடுவோம். அப்புறம், வார்த்தையே இல்லாமல் ‘லலலா’ என்று போகும் பகுதி இருக்கிறதே, அங்கே இடது கையை ஒரு நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, முழுக்க எடுத்துவிட்டுப் பாருங்கள். பயமாக இருக்கும். எனக்கு அந்த நான்கு பாருக்காகவே உங்கள் பிடிஎஃப் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிரச்சினை இருக்கிறது. நம் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் தழுவல் என்பதை வரையறுக்கும்போதே, இசைப் படைப்பைப் பொறுத்தவரை அரேஞ்ச்மென்ட்டும் (வேறு கருவிக்கு மாற்றியமைப்பது) டிரான்ஸ்கிரிப்ஷனும் (கேட்டதைக் குறிப்பாக எழுதுவது) தழுவல்தான் என்று சொல்கிறது. அந்த உரிமை படைத்தவருக்கு. ஆயுள் முழுக்க, அப்புறம் 60 வருடம். காசு வாங்கினீர்களா இல்லையா என்பது இங்கே முதல் கேள்வியே இல்லை. மகளுக்காக எழுதி வீட்டில் வாசிப்பதற்கு யாரும் வரப்போவதில்லை, தனிப்பட்ட பயன்பாட்டுக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதற்கும் உண்டு, அதனால் டீச்சர் கிளாஸில் பயன்படுத்தலாம். ஊருக்கெல்லாம் பிடிஎஃப் என்பது வேறு. அரேஞ்ச்மென்ட்டுகளை அனுமதியோடு விற்க உதவும் அரேஞ்ச்மீ போன்ற இணையச் சேவைகளில் பதிப்பாளர்கள் முன்பே அனுமதித்த பாட்டுகளின் பட்டியல் இருக்கும். அதில் இந்தப் பாட்டு இருந்தால் அங்கே போடுங்கள், விற்பதில் உரிமைக்காரருக்கும் உங்களுக்கும் ஆளுக்கொரு பங்கு போகும். இல்லையென்றால் உரிமை வைத்திருப்பவருக்கு எழுதிக் கேளுங்கள்.

இதை நான் மேடையேறிச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. மவுண்ட் ரோட்டில், 1842இல் தொடங்கிய இசைக்கடையான மியூசி மியூசிக்கலில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, விலையைப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, நண்பனுடையதை ஜெராக்ஸ் எடுத்தவன்தான் நானும். என் அலமாரியில் பாதி அப்படி வந்தது. பல வருடம் கழித்து, ஒரு பழைய கிறிஸ்துமஸ் பாட்டை நான்கு குரலுக்கு நான் எழுதிக் கொடுத்தது, அடுத்த டிசம்பரில் வேறொரு பாடகர் குழுவின் கையில் வேறொருவர் பெயரோடு இருந்தது. என் கையெழுத்து அப்படியே, பெயர் மட்டும் ஒயிட்னர் போட்டு மாற்றியிருந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தபோது கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தது.

சரி, உங்கள் பிரதிக்கு வருவோம். முதலில் அந்த வலது மூலையில் கிமுரா யூமி என்று மாற்றுங்கள், அதற்குக் கீழே அரேஞ்ச்மென்ட் என்று உங்கள் பெயர். இடது கையைக் குறைத்து எழுதினால் நான்கு பக்கம் இரண்டரையாகும் என்று நினைக்கிறேன். புதியதை மகளை வாசிக்கச் சொல்லி, அந்த லலலா பகுதியை மட்டும் போனில் பதிந்து எனக்கு அனுப்புங்கள்.