செஜ்பிரஷ் எரிந்தால் மறுபடி துளிர்க்குமா?

அமெரிக்காவின் நெவாடா, ஐடஹோ பக்கச் சமவெளிகளில் காடாய் நிற்கும் சாம்பல் நிறப் புதர் என்ன, தீப்பிடித்தால் மீளுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது செஜ்பிரஷ். சூரியகாந்திக் குடும்பம், நம் பூக்கடை மரிக்கொழுந்தும் இதே ஆர்ட்டிமீசியா பேரினம்தான். அந்த வாசனை உறவு இலையைக் கசக்கினாலே தெரியும், கற்பூர நெடி தூக்கும். இலை நுனியில் மூன்று பல் இருக்கும். மேலே வெள்ளை ரோமம் படர்ந்திருப்பதால்தான் அந்தச் சாம்பல் நிறம். வெயிலையும் வறட்சியையும் தாங்க அது உதவுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் வேர். ஆழத்திலிருந்து உறிஞ்சிய நீரை இரவில் மேல்மண்ணில் கசிய விடும். பக்கத்துப் புற்களும் அதைக் குடிக்கும்!

ஆனால் தீயில் எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது. விதை விழுந்துதான் புதிதாக முளைக்க வேண்டும்; விதையும் தூரம் போகாது. அதற்குள் சீட்கிராஸ் என்ற அயல்புல் இடத்தைப் பிடித்துவிடும். கோடையில் காய்ந்து அதுவே அடுத்த தீக்கு எரிபொருளாகும். குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய இந்த இலையை மட்டுமே தின்று வாழும் செஜ் குரௌஸ் பறவை அப்போது எங்கே போகும்?