மைக்ரோவேவில் எதை வைத்து மூடலாம்? கேள்வி பதில்

மூடாமலே சூடு பண்ணினால் என்ன? மகள் தினமும் மூடச் சொல்லி நச்சரிக்கிறாள். (மதுரை)

மகள் சொல்வதுதான் சரி. மைக்ரோவேவ் சூடாக்குவது பெரும்பாலும் சாப்பாட்டில் இருக்கும் தண்ணீரைத்தான். மூடவில்லை என்றால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். பழைய சோற்றைத் திறந்தபடி வைத்துப் பாருங்கள். ஓரத்துப் பருக்கை பல்லில் கல்லாகக் கடிபடும், நடுவில் கைவைத்தால் ஜில்லென்று இருக்கும். அதே சோற்றில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி வைத்து, பாதியில் ஒருமுறை கிளறிவிட்டால் வடித்த சோறு போலவே வரும்.

குழம்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கெட்டிக் குழம்பின் அடியில் ஆவி மாட்டிக்கொண்டு டப்பென்று வெடிக்கும். ஓவனின் மேற்கூரையில் காய்ந்துபோன வத்தக்குழம்பை அண்ணாந்து பார்த்துச் சுரண்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

க்ளிங் ஃபிலிம் (பாத்திரத்தின் மேல் ஒட்டி மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ரோல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை அக்கா. மாற்று சொல்லுங்கள். (தாம்பரம்)

உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது: பீங்கான் தட்டு. கிண்ணத்தைவிட ஒரு விரற்கடை அகலமான தட்டாக எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். தட்டு கனமாக இருப்பதால் ஆவி தூக்கித் தள்ளாது. ஆனால் இறுக்கமாகவும் உட்காராது, ஓரத்தில் மெல்லக் கசியும். நமக்கு வேண்டியதும் அதுதான். பிரஷர் குக்கர் மாதிரி அடைத்து மூடினால் மூடி எகிறிவிடும். கவிழ்த்த தட்டின் அடிவளையம் மேலே இருப்பதால் பிடித்துத் தூக்கவும் வசதி. துணியோடு பிடியுங்கள், அது நன்றாகவே சுடும்.

தங்கக் கோடு, வெள்ளிப் பூ போட்ட தட்டு மட்டும் வேண்டாம். எங்கள் கல்யாணத்துக்கு வந்த செட்டில் ஒன்றை விவரம் தெரியாமல் வைத்தேன். ஓரம் முழுக்க நீலப் பொறி பறந்தது. அந்தத் தங்கக் கோடு இன்றைக்கும் பாதிதான் இருக்கிறது.

தட்டு தாங்குமா என்று சந்தேகமா? காலித் தட்டையும், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரையும் (கண்ணாடி டம்ளர்தான்!) வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சூடாகி, தட்டு ஆறியே இருந்தால் பயன்படுத்தலாம். தட்டு கொதித்தால் ஒதுக்கிவிடுங்கள். மெலமைன் தட்டுக்கு இந்தச் சோதனையே வேண்டாம், அது மைக்ரோவேவுக்கு ஆகவே ஆகாது.

கையில் இருக்கும் ஃபிலிம் ரோலைத் தீர்க்க வேண்டுமென்றால், எண்ணெய் மிதக்கும் குழம்பில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் 100 டிகிரிக்கு மேலும் சூடேறும், ஃபிலிம் அதில் உருகி ஒட்டும்.

எவர்சில்வர் தட்டால் மூடலாமா?

வேண்டாம். அலுமினியம் ஃபாயிலும் வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும், பொறியும் பறக்கலாம்.

இட்லித் துணியை நனைத்து மூடுகிறார் மாமியார். தீப்பிடிக்காதா? (சேலம்)

மாமியார் கெட்டிக்காரர். இட்லிக்கும் சப்பாத்திக்கும் இதைவிட நல்ல மூடி கிடையாது. சுத்தமான பருத்தித் துணியாக இருக்க வேண்டும். நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, இட்லியின் மேல் தளர்வாகப் போடுங்கள். நாலு இட்லிக்கு முதலில் 40 நொடி வைத்துப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னும் பத்து நொடி.

உங்கள் பயமும் நியாயமானதுதான். ஈரம் இருக்கும்வரை துணிக்கு ஒன்றும் ஆகாது, காய்ந்தால் ஆபத்து. ஒருமுறை நாலு நிமிடம் வைத்துவிட்டு போன் பேசப் போனேன். திரும்பி வந்தால் துணியின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பு வட்டம், வீடெல்லாம் இஸ்திரி தீய்ந்த வாசனை. அதற்குப் பிறகு துணி என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் வைப்பதில்லை.

பழைய வேட்டியைக் கிழித்துப் பயன்படுத்துகிறவர்கள் கரையை வெட்டி எறிந்துவிடுங்கள். ஜரிகையும் உலோகம்தான். பாலியஸ்டர் கலந்த துணி உருகும்.

வாழையிலை? கொல்லையில் நிறைய இருக்கிறது. (கும்பகோணம்)

கொடுத்து வைத்தவர்! தாராளமாக மூடுங்கள். பச்சை இலையில் ஈரம் இருப்பதால் வாடி, வளைந்து, பாத்திரத்தோடு படிந்துகொள்ளும். கொழுக்கட்டை, இடியாப்பத்துக்கு அடியில் ஒன்று, மேலே ஒன்று போட்டால் வாசனையும் ஏறும். காய்ந்து சருகான ஓரத்தை மட்டும் நறுக்கிவிடுங்கள், அது கருகும். மறுபடி பயன்படுத்த முடியாதே என்று கேட்பீர்கள். மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகிற மூடியில் என்ன வீண்?

எலாஸ்டிக் வைத்த பிளாஸ்டிக் கிண்ண உறை, ஷவர் கேப் மாதிரி இருக்குமே, அது? (கோவை, விடுதி மாணவி)

ஃப்ரிட்ஜுக்கு மட்டும். எலாஸ்டிக் தைத்த துணி உறையும் அப்படியே.

பார்சல் டப்பா மூடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அடியில் 5 என்று போட்டிருக்கிறது.

5 என்றால் பாலிப்ரொப்பிலீன். மற்ற பிளாஸ்டிக்கைவிடச் சூடு தாங்கும்தான். ஆனால் அந்த எண் எந்த வகை பிளாஸ்டிக் என்பதைத்தான் சொல்கிறது, மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று சொல்லவில்லை. அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தாலும், கிளிப்பை அழுத்தாமல் சும்மா மேலே வையுங்கள். நெளிந்த மூடி, மஞ்சள் கறை ஊறிய மூடி எல்லாம் பருப்பு டப்பாவுக்குப் போகட்டும்.

நியூஸ் பேப்பர் போடலாமா?

கூடாது. தீப்பிடிக்கும், மையும் சாப்பாட்டில் இறங்கும். அச்சிட்ட காகிதத்தில் உணவைப் பொட்டலம் கட்டுவதையே 2016-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எச்சரித்தது.

சிலிகான் மூடி வாங்குவது தண்டச் செலவா?

தட்டு இருக்கும்போது அவசரமில்லை. கனம் தூக்க முடியாத வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வாங்கலாம், வருடக்கணக்கில் வரும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சூடு ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, மூடி கிண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். பலம் கொண்டு இழுத்தால் ரசம் மேலே கொட்டும். ஓரத்தை ஸ்பூன் காம்பால் லேசாக நெம்பினால் புஸ்ஸென்று விட்டுவிடும்.

எந்த மூடியானாலும், முகத்துக்கு அப்பால் இருக்கும் பக்கத்தை முதலில் தூக்குங்கள். ஆவி சுட்ட கை ஆற நாளாகும்.

எல்லாவற்றையும் மூடித்தான் ஆக வேண்டுமா?

வடை, பஜ்ஜியை மூடினால் ஊறிச் சவசவத்துப் போகும். டிஷ்யூவை அடியில் போட்டுத் திறந்தே வையுங்கள். பாலை மூடினால் பொங்கி வழியும். அப்பளத்தை மூடவே கூடாது. லேசாக எண்ணெய் தடவி அப்படியே கண்ணாடித் தட்டில் வைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள். அரை நிமிடத்தில் பொரிய ஆரம்பித்துவிடும்.