மேலதிகாரி மேல் போட்ட பாகுபாட்டு வழக்கு: பிரதிவாதி யார்?

நீங்கள் அமெரிக்க மத்திய அரசு ஊழியர், பாகுபாடு காட்டியதாக மேலதிகாரி மேல் வழக்குப் போட்டீர்கள், அரசுத் தரப்பு அதைத் தள்ளுபடி செய்யக் கேட்டிருக்கிறது என்றால்: வழக்கிலிருந்து மேலதிகாரியின் பெயரை எடுத்துவிட்டு, உங்கள் துறைத் தலைவரைப் பதவிவழிப் பிரதிவாதியாக (தனிமனிதராக அல்ல, அந்தப் பதவியில் இருப்பவராக) சேருங்கள். அஞ்சல் துறை என்றால் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல்.

அரசுத் தரப்பு தள்ளுபடி கேட்டதற்குக் காரணம் அநேகமாக இதுதான். அமெரிக்க மத்திய அரசு ஊழியர் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் 7ஆம் தலைப்பில் (வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் பகுதி) வழக்குப் போட்டால், உங்களை வதைத்தவரே ஆனாலும் தனிநபரை இழுக்க முடியாது. வலிக்கும்தான்.

அந்தத் தள்ளுபடி மனு உங்களுக்குச் சார்பு செய்யப்பட்டு (முறைப்படி தரப்பட்டு) 21 நாள் ஆகவில்லை, இதுவரை ஒருமுறையும் திருத்தவில்லை என்றால், நீதிமன்ற அனுமதி இல்லாமலே உங்கள் வழக்குமனுவைத் திருத்தலாம்.

அப்புறம், உங்கள் பாகுபாட்டுப் புகார் மேல் துறை எடுத்த இறுதி முடிவு கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 90 நாளுக்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும்.

மாநில அரசு ஊழியருக்கு விதிகள் வேறு. கெடு நெருங்கினால் இன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.